குஷாய்குடாவின் சிறுகணினியும் மேசைமேல் 64 கோர்களும்

ஐதராபாத்தின் குஷாய்குடாவை ஒட்டி இயங்கும் இந்திய மின்னணுக் கழகம் (இசிஐஎல்), 1967 ஏப்ரல் 11 அன்று அணுசக்தித் துறையின்கீழ் ஏ. எஸ். ராவின் முன்னெடுப்பில் தோன்றியது. டிராம்பேயில் வடிவமைக்கப்பட்ட டிடிசி-12, அதன்பின் டிடிசி-312, டிடிசி-316 ஆகிய கணினிகளை அது உருவாக்கி விற்றது. அன்னியச் செலாவணி அரிதாயிருந்த அக்காலத்தில், இறக்குமதியாகும் பெருங்கணினி எட்டாக்கனியாக இருந்த ஆய்வுக்கூடங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இச்சிறுகணினிகள் ஓர் இடைத்தட்டாக அமைந்தன. 1980களில் நுண்செயலிக் கணினிகள் கீழிருந்து வளர்ந்தன. 1984ஆம் ஆண்டின் கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியது. இடைத்தட்டு மெல்லக் கரைந்தது.

இன்றைய மிகுகோர் நுண்செயலிகளின் வரலாறும் இத்தகைய ஓர் இடைத்தட்டின் வரலாறே.

2004ஆம் ஆண்டளவில் மின்நுகர்வும் வெப்பமும் கடிகார வேகத்தின் உயர்வைத் தடுத்தன. இன்டெல் தன் டெஜாஸ் திட்டத்தைக் கைவிட்டது. 2005இல் இரட்டைக் கோர் நுண்செயலிகள் மேசைக்கணினிக்கு வந்தன. எனினும் 2016இல்கூட இன்டெலின் பத்துக் கோர் ஐ7-6950எக்ஸ் 1,723 டாலருக்கு விற்றது. மறுஆண்டே ஏஎம்டி, 16 கோர் கொண்ட திரெட்ரிப்பர் 1950எக்ஸை 999 டாலருக்கு வெளியிட்டது. 2020 பிப்ரவரியில் வந்த 3990எக்ஸ் 64 கோர்களை 3,990 டாலருக்கு அளித்தது. சர்வர் அறைக்குரிய ஆற்றல் தனியொருவரின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அந்த இடைத்தட்டும் நிலைக்கவில்லை. 2019 நவம்பரிலேயே 16 கோர் கொண்ட ரைசன் 3950எக்ஸ், சாதாரண மேசைக்கணினிப் பலகையில் 749 டாலருக்குக் கிடைத்தது. கீழிருந்து இவ்வாறு நெருக்கடி வர, 2022இல் திரெட்ரிப்பர் 5000 வரிசை பணிநிலையங்களுக்கான ‘புரோ’ வடிவில் மட்டுமே வெளியானது. 2019இல் புதிய பலகை வாங்கியோர் அதில் அடுத்த தலைமுறையைப் பொருத்த வழியின்றி நின்றனர். 2023 நவம்பரில் அவ்வரிசை மேசைக்கணினிச் சந்தைக்கு மீண்டபோது இரண்டாகப் பிரிந்திருந்தது: நான்கு நினைவகத் தடங்களுடன் ஒன்று, எட்டுத் தடங்களுடன் புரோ.

கோர் எண்ணிக்கையின் எல்லையைக் கணக்கு முன்பே சுட்டியிருந்தது. இசிஐஎல் தோன்றிய அதே 1967 ஏப்ரலில் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதம் அது. ஒரு நிரலில் 5 விழுக்காடு மட்டும் வரிசைமுறையில் இயங்கவேண்டியதெனில், 16 கோர்கள் தரும் வேகவளர்ச்சி ஏறத்தாழ 9 மடங்கு. 64 கோர்கள் தருவது 15 மடங்கு. கோர்கள் நான்கு மடங்காயினும் பயன் இரு மடங்கைக்கூட எட்டுவதில்லை. எத்தனை கோர் சேர்ப்பினும் 20 மடங்கைத் தாண்ட இயலாது. நினைவகத் தடங்கள் போதாவிடில் இக்கணக்கும் கைகூடாது; கோர்கள் தரவுக்காகக் காத்திருக்கும்.

ஆகவே ஆய்வுநிதியில் கணினி வாங்கும் துறைகள் கோர் எண்ணிக்கைக்கு முன் மூன்றைக் கேட்டாக வேண்டும்: நிரலின் எப்பகுதி இணையாக இயங்கும், நினைவகத் தடங்கள் எத்தனை, அப்பலகைக்கு அடுத்த தலைமுறை உண்டா. இடைத்தட்டுகள் நிலையானவையல்ல என்பதைக் குஷாய்குடா 1980களிலேயே கண்டிருந்தது. ஆயினும் அவை நிலைத்த சில ஆண்டுகளில்தான், பெருநிறுவனத்தின் வாயிலில் காத்திராமல் தன் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கும் உரிமை சிறிய ஆய்வுக்கூடத்துக்குக் கிட்டியது.