‘ஈடி’ முதல் நானோ வரை: கறுப்புத் திரை எடிட்டர்களின் கதை

பள்ளிக் கணினிக் கழகத்தில் ‘வீஐ’ எடிட்டரை முதன்முதலாகத் திறக்கும் மாணவன் எதையோ தட்டுவான், எழுத்து விழாது. வெளியே வரவும் வழி தெரியாது. “டீச்சர், கணினி கெட்டுப்போச்சு” என்பான். கெட்டுப்போகவில்லை. தனக்குக் கணினி வராது என்று அவன் முடிவு கட்டுவதற்குள், இந்த விநோதப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவது நல்லது.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கிய கென் தாம்சன், கூடவே ‘ஈடி’ என்ற எடிட்டரையும் எழுதினார். அப்போது பெரும்பாலும் கையிலிருந்தது திரை இல்லை. டெலிடைப் என்னும் தட்டச்சுப் பொறி. நாம் தட்டுவதும் கணினி தரும் பதிலும் தாளில்தான் அச்சாகும். அதுவும் நொடிக்கு 10 எழுத்து! 2,000 எழுத்துள்ள பக்கத்தைக் காட்டச் சொன்னால் மூன்று நிமிடத்துக்கு மேல் காத்திருக்கணும். அதனால் ஈடி அதிகம் பேசாது. வரி எண்ணைக் கொடுத்து, அந்த வரியை மட்டும் அச்சிட்டுப் பார்த்துத் திருத்த வேண்டும். தவறு செய்தால் வெறும் ஒரு கேள்விக்குறி மட்டும் வரும். (நாமும் சில நேரம் கட்டுரைத் தாளில் காரணம் சொல்லாமல் கேள்விக்குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.)

இலண்டன் குவீன் மேரி கல்லூரியில் ஜார்ஜ் கூலூரிஸுக்கு இது பிடிக்கவில்லை. அங்கே திரையுள்ள முனையங்கள் இருந்தன. ஈடியை மாற்றி, திருத்தும் வரியைத் திரையிலேயே காட்டும் ‘எம்’ எடிட்டரை எழுதினார். சாதாரண மனிதர்களுக்கான எடிட்டர் என்பது அந்தப் பெயரின் பொருள். 1976 கோடையில் அவர் அதைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே ஆய்வு மாணவராக இருந்த பில் ஜாய் அதைப் பார்த்தார். அதிலிருந்து ‘ஈஎக்ஸ்’ வளர்ந்தது. அதன் முழுத்திரை வடிவமே வீஐ.

ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் (பணம் எடுக்கும் ஏடிஎம் இல்லை) அம்புக்குறிக்குத் தனி விசை கிடையாது. எச், ஜே, கே, எல் விசைகளின்மேல்தான் அம்பு பொறித்திருந்தது. இன்றும் வீஐயில் அந்த நான்கு எழுத்தால் நகர்வது அதனால்தான். எழுதும் நிலை வேறு, கட்டளை நிலை வேறு என்ற வழக்கமோ ஈடியிலிருந்தே வந்தது. ஆங்கில ‘ஐ’ விசையை அழுத்தினால் எழுதலாம். எஸ்கேப் அழுத்தினால் மறுபடியும் கட்டளை நிலை. பிறகு முக்காற்புள்ளி, கியூ, வியப்புக்குறி தட்டி என்டர் அழுத்தினால் சேமிக்காமலேயே வெளியே வந்துவிடலாம்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ‘பைன்’ மின்னஞ்சல் மென்பொருளோடு வந்த ‘பிக்கோ’ கட்டளைகளை மறைக்கவில்லை; திரையின் அடியிலேயே எழுதிக் காட்டியது. அதைப்போல ஒன்றைக் கட்டற்ற மென்பொருளாகத் தர, 1999-இல் கிறிஸ் அலெக்ரெட்டா தொடங்கியதுதான் இன்றைய நானோ. என்னைக் கேட்டால் முதல் பாடம் நானோவில்தான் இருக்கணும். வீஐ இரண்டு வாரம் கழித்து வரட்டும். நானோவிலும் ஒரு சிக்கல் உண்டு. கீழ்வரியில் இருக்கும் ^ குறியைப் பார்த்துப் பிள்ளைகள் அந்தக் குறியையே தட்டுவார்கள். அது கண்ட்ரோல் விசையைக் குறிக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ட்ரோலையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரலாம். சேமிக்கவா என்று நானோவே கேட்கும்.