கரி ஊரில் எதைக் காப்பாற்றுவது?

ஹைதராபாதில் இருக்கும் நம்மவர்கள் பத்ராசலம் ராமரைப் பார்க்க ரயிலில் போனால் பத்ராசலம் ரோடு ஸ்டேஷனில் இறங்குவார்கள். பெயர்தான் அப்படி, ஊர் கொத்தகூடம். கோயிலுக்கு இன்னும் சுமார் 40 கி.மீ. இருக்கிறது. சிங்கரேணி நிலக்கரிக் கம்பெனியின் தலைமையகம் இந்த ஊர்தான்.

கதை தொடங்குவது பக்கத்தில் உள்ள எல்லந்துவில். 1871-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் அங்கே நிலக்கரியைக் கண்டார். 1886-ல் இங்கிலாந்தில் பதிவான ஹைதராபாத் டெக்கான் கம்பெனி, 1889-ல் வெட்ட ஆரம்பித்தது. 1920-ல் பெயர் சிங்கரேணி காலரீஸ் ஆனது. 1945-ல் நிஜாம் அரசு பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது.

இன்று சிங்கரேணி கரியில் பெரும்பகுதி திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. பூமிக்கு அடியில் வெட்டிய காலத்தில் மேலே ஊர் இருக்க முடிந்தது. மேலிருந்து தோண்டினால் அங்கிருக்கும் ஊரே நகர வேண்டும். அப்போது பழைய தொழிலாளர் குடியிருப்புகளின் ஞாபகம் என்ன ஆகும்?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எக்லி என்று ஒரு கரி ஊர். 1854-ல் கம்பெனி கட்டியது. 1968-ல் ஒரு ஹாலிவுட் படத்தின் ஷூட்டிங் அங்கே நடந்தது. அந்தப் புண்ணியத்தில் இடிபடாமல் தப்பி, 1971-ல் அரசின் கைக்கு வந்து, ஊரே திறந்தவெளி மியூசியமாகிவிட்டது. ஒரே தெரு. ஒரு கோடியில் கூலிகளின் இரட்டை வீடுகள், மறுகோடியில் முதலாளி வீடு. தெருவில் நடந்தாலே யார் எந்த நிலை என்று தெரிந்துவிடும்.

அந்த வட்டாரக் கரி ஊர்களில் வாடகை, வெடிமருந்து, கம்பெனிக் கடை பாக்கி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டுதான் கூலி கொடுப்பார்கள். சில மாதம் கைக்கு ஒன்றும் வராது. என் போன்ற பேங்க்காரன் கண்ணுக்கு அது சம்பளக் கணக்கே இல்லை, கடன் கணக்கு.

நமக்கு இதில் நெருக்கமானது கோலார் தங்கவயல். அங்கே வெட்டியது தங்கம், ஆனால் அதுவும் கம்பெனி ஊர்தான். வட ஆற்காட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக 'லைன்' வீடுகளில் வாழ்ந்தன. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள்.

இப்படிப்பட்ட ஊர்களில் துரைமார் பங்களாவைக் காப்பாற்ற எப்போதும் ஆள் கிடைக்கும். லைன் வீட்டுக்கும் கூலிச் சீட்டுக்கும்தான் ஆள் இல்லை. எக்லி கூலி வீட்டையும் சேர்த்துக் காப்பாற்றியதால்தான் அது வரலாறு.

உங்கள் தாத்தா எந்தச் சுரங்கத்திலாவது வேலை பார்த்திருந்தால் அவருடைய சம்பளச் சீட்டையும் போட்டோவையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். இப்போதைக்கு நமக்கிருக்கும் மியூசியம் அதுதான்.