பழங்கஞ்சியும் பெருங்குடலின் காதும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களைப் பற்றி வரலாறு எழுதுகிறேன் என்றால் எல்லோரும் 1956-ஐத்தான் எதிர்பார்ப்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழகத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. களியக்காவிளை தமிழகம், அடுத்தாற்போல் இருக்கும் இஞ்சிவிளை கேரளம்.

ஆனால் அந்தக் கோடு அடுக்களைக்குள் போகவில்லை. இரண்டு பக்கமும் அதே பழங்கஞ்சி, அதே மரச்சீனியும் மீனும், அதே கஞ்சியும் சிறுபயறும். இந்தச் சாப்பாடு வயிற்றுக்குள் போனபின் என்ன ஆகிறது என்று உலகம் கண்டுபிடித்த கதைதான் இன்றைக்கு. நான் படித்தது பி.காம், அதனால் எனக்குப் புரிந்த மொழியிலேயே சொல்கிறேன்.

மரச்சீனி நமக்குப் பூர்வீகம் இல்லை, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி வரத்து நின்றுபோனது. அந்தப் பஞ்சத்தில் ஏழைகளின் உயிரைப் பிடித்து நிறுத்தியது இந்தக் கிழங்கு. பழங்கஞ்சியும் அப்படித்தான், மிச்சச் சோற்றை வீணாக்க முடியாதவர்களின் சாப்பாடு. ஆரோக்கியத்துக்காக யாரும் அதைக் குடிக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். வெந்த மாவுச்சத்து ஆறும்போது அதில் ஒரு சிறு பகுதி மறுபடி இறுகிவிடும். அதைச் சிறுகுடலால் செரிக்க முடியாது. பயறிலும் ஏத்தங்காயிலும் இந்த வகை மாவும் நாரும் இன்னும் அதிகம். இவை அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்று மூன்று அமிலங்களாக மாற்றும். குட்டைச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் என்று பெயர். கெட்டுப்போன வெண்ணெய் நாறுகிறதே, அது பியூட்டிரிக் அமிலத்தின் வேலை.

நாற்றம் பிடித்த கழிவு என்றிருந்த பியூட்டிரிக் அமிலத்துக்கு 1980-ல் மரியாதை வந்தது. பெருங்குடலின் உள்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருளே அதுதான் என்று ரோடிகர் என்ற ஆராய்ச்சியாளர் காட்டினார்.

அடுத்த அத்தியாயம் நம்ம வேலூரில். காலராவில் சிறுகுடல் தண்ணீரைக் கொட்டித் தீர்க்கும். உப்பு சர்க்கரைக் கரைசல் உயிரைக் காப்பாற்றும், ஆனால் பேதி உடனே நிற்காது. இந்த அமிலங்கள் இருந்தால் பெருங்குடல் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாக உறிஞ்சும். அப்படியானால் செரிக்காத மாவைக் கரைசலில் கலந்து கொடுத்தால்? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு, அமெரிக்காவின் ஹென்றி பைண்டர் போன்றவர்களுடன் சேர்ந்து 48 காலரா நோயாளிகளிடம் இதைச் சோதித்தது. வழக்கமான கரைசலில் சராசரியாக 91 மணி நேரம் நீடித்த பேதி, லிட்டருக்கு 50 கிராம் செரிக்காத சோள மாவு சேர்த்தபோது 57 மணி நேரத்தில் அடங்கியது. 2000-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வெளியானது. அடுத்த ஆண்டு டாக்காவில், நாள்பட்ட பேதியால் அவதிப்பட்ட குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காய் கொடுத்ததில் நல்ல குணம் தெரிந்தது.

அமிலம் வேலை செய்கிறது, சரி. அது வந்திருப்பது செல்லுக்கு எப்படித் தெரிகிறது? 1997-ல் சில மரபணுக்கள் கிடைத்தன. அவை உருவாக்குபவை ஏற்பிகள் என்று தெரிந்தது, எதை ஏற்கின்றன என்று தெரியவில்லை. கணக்கு எண் இருக்கிறது, கணக்குதாரர் யாரென்று தெரியாத நிலை! 2003-ல் இங்கிலாந்து, பெல்ஜியம், சுவீடன் குழுக்கள் தனித்தனியாக விடை கண்டன. ஜிபிஆர் 41, ஜிபிஆர் 43 என்ற இரண்டும் கேட்பது இந்தக் குட்டைச் சங்கிலி அமிலங்களின் குரலைத்தான்.

இந்த வகை ஏற்பி என்பது செல்லின் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் புரதம். வெளியே அமிலம் ஒட்டினால் அதன் வடிவம் லேசாக மாறும். உள்ளே இருக்கும் இன்னொரு புரதம் கிளம்பிப்போய்ச் செய்தி சொல்லும். அமிலம் உள்ளே நுழையவே வேண்டாம். கவுன்டரில் சீட்டு கொடுத்தால் உள்ளே லெட்ஜர் மாறுகிற மாதிரி. ஜிபிஆர் 43 வழியாகச் செய்தி போனால் குடல் செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கும் என்று 2012-ல் எலிகளில் காட்டினார்கள். சர்க்கரைக்கும் எடைக்கும் இன்று ஊசியாகப் போடுகிறார்களே, அந்த மருந்துகள் இதே ஹார்மோனின் வேலையைப் பார்ப்பவைதான்.

மூன்றாவது ஏற்பி ஜிபிஆர் 109ஏ. பியூட்டிரிக் அமிலம் இதன்மூலம் பெருங்குடல் புற்று செல்களைத் தானே மடியச் செய்கிறது என்றும், புற்றுநோய் இந்த ஏற்பியையே வாயடைத்து வைக்கிறது என்றும் 2009-ல் சொன்னது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஆய்வுக்குழு. கட்டுரையில் முதல் பெயர் முத்துசாமி தங்கராஜு, கடைசிப் பெயர் வடிவேல் கணபதி. படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2014-ல் கணபதியும் சகாக்களும், இதே ஏற்பி குடலின் எதிர்ப்புச் செல்களை அமைதிப்படுத்துகிறது என்றும் காட்டினார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு "நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல" என்று யாரும் ஃபார்வர்ட் செய்துவிடாதீர்கள். அவர்கள் குடித்தது பசிக்கு. கண்டுபிடித்தது வேலூரிலும் ஜார்ஜியாவிலும் ராத்திரி பகலாக உட்கார்ந்தவர்கள். இரண்டு பேருக்கும் உரிய மரியாதையை அவரவர் கணக்கில் வரவு வைப்போம். பழங்கஞ்சி புற்றுநோய்க்கு மருந்தும் அல்ல. சோறு ஆறினாலும் சோறுதான்; சர்க்கரை உள்ளவர்கள் அளவு பார்த்தே ஆக வேண்டும்.

எனக்கு உறைப்பது வேறு. ஊரை விட்டு வந்த நாம் முதலில் விட்டது இந்தச் சாப்பாட்டைத்தான். அரிசி கூட வந்தது, பயறும் கிழங்கும் ஏத்தங்காயும் வழியிலேயே நின்றுவிட்டன. "கஞ்சியா?" என்று நம் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கக் கற்றுக்கொடுத்தது நாம்தான், ஏழ்மையின் ஞாபகத்தோடு சேர்த்து அதையும் ஒளித்து வைத்தோம். வாரத்தில் இரண்டு நாள் பயறு வேகட்டும். பெருங்குடல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, நாம்தான் எதுவும் சொல்வதில்லை.