மண்ணும் கோயிலும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றனைப் போற்றுவது நம் சமய மரபு. அவற்றுள் தலம் என்பது, ஒரு சமுதாயம் தலைமுறை தலைமுறையாகக் கூடித் தொழுதமையால் சிறப்புற்ற மண்ணாகும். இதற்கு மலாக்கா மாநில வரலாறே சான்று பகரும்.

மலாக்கா நகரின் துக்காங் எமாஸ் சாலையில் உள்ள பொய்யாத விநாயகர் கோயில் 1781ஆம் ஆண்டில் எழுந்தது. டச்சு ஆட்சியினர் வழங்கிய நிலத்தில், மலாக்காச் செட்டிகளின் தலைவரான தெய்வநாயகம் செட்டி அதனை எழுப்பினார். சுல்தான்கள் காலத்தில் வணிகம் நாடி வந்து, உள்ளூர்ப் பெண்டிரை மணந்து, இங்கேயே வேரூன்றியோர் வழிவந்தவர்கள் அச்செட்டிகள். காலப்போக்கில் தமிழ் அவர்கள் நாவினின்று நீங்கிற்று; மலாய் வீட்டுமொழியாயிற்று; உடையும் மாறிற்று. ஆயினும் சைவம் மாறவில்லை. மொழி இழந்த சமுதாயத்தைச் சமயத்தில் நிலைநிறுத்தியவற்றுள் கோயில் தலையாயது. இன்றும் மாசிமகத் திருவிழாவில் இக்கோயிலிலிருந்து புறப்படும் தேர், செங் பகுதியிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குச் செல்லும்போது, நகரத்தாரும் தோட்டத்தாரும் ஒருங்கே பின்தொடர்வர்.

தோட்டத்தார் வரலாறு பிற்பட்டது. 1896இல் ஆயர் குரோவை அடுத்த புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகச் சிற்றூர்களிலிருந்து வந்த தொழிலாளர், லயங்களின் அருகே மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் கோயில் கண்டனர். பகலெல்லாம் பால்மரம் வெட்டியோர்க்கு, ஊரை நினைவூட்டிய ஒரே இடம் அதுவே. திருவிழா, திருமணப் பேச்சு, வழக்குத் தீர்ப்பு யாவும் அங்கேதான் நிகழ்ந்தன.

ஆனால், இருவகைக் கோயில்களுக்கும் ஒரு பெருவேறுபாடு உண்டு. நகரக் கோயிலுக்கு வழங்கப்பட்ட நிலம் இருந்தது. தோட்டக் கோயில்கள் பலவற்றுக்குப் பட்டா இல்லை. கோயில் தொழிலாளருடையது, மண்ணோ கம்பெனியுடையது. 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது இவ்வுண்மை சுட்டது. நிலம் கைமாறியதும் மக்கள் சிதறினர். பால்மரங்கள் நின்ற இடங்களில் தொழிற்சாலைகளும் நெடுஞ்சாலைகளும் எழுந்தன. சில கோயில்கள் இடம்பெயர்ந்தன. சில, விளக்கேற்ற ஆளின்றி அழிந்தன.

2008இல் மலாக்கா நகரம் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. தோட்டக் கோயில்களோ எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமலே மறைகின்றன. ஒரு மண்ணைத் தலமாக்குவது பக்தி. அதனைத் தலமாகக் காப்பது உரிமைப் பத்திரம். எஞ்சியுள்ள கோயில்களுக்கு நிலவுரிமை தேடுவதும், அவற்றின் வரலாற்றை முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பதும் வழிபாட்டின் பகுதியே என நாம் உணர்தல் வேண்டும்.