அழுத்தக் காற்றில் உழைத்தவர்கள்: கெய்சன் நோயும் காப்பு நுட்பங்களும்

ஆற்றடியில் பாலத்தூண் எழுப்பவும் சேற்று மண்ணில் சுரங்கம் தோண்டவும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறியாளர்களுக்குக் கைகொடுத்தது அழுத்தக் காற்று. அடிப்புறம் திறந்த பெரும் பெட்டியை ஆற்றுப் படுகையில் இறக்கிக் காற்றை அழுத்திச் செலுத்தினால் நீர் வெளியேறும். ஆட்கள் உள்ளே நின்று மண் வெட்டலாம். அந்தப் பெட்டிக்குக் கெய்சன் என்று பெயர். இம்முறையைப் பிரான்சில் லுவார் ஆற்றை ஒட்டிய நிலக்கரிச் சுரங்கத்தில் முதலில் கையாண்டவர் பொறியாளர் திரிஜே. வெளியே வந்த தொழிலாளர் இருவருக்கு மூட்டுவலி கண்டதையும் 1841-இல் அவரே பதிவு செய்தார்.

1854-இல் போல், வாத்தெல் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் இந்தக் கெய்சன் நோயின் போக்கைத் தெளிவாகக் கண்டனர். அழுத்தத்தில் இருக்கும்வரை ஆளுக்கு ஒன்றும் நேர்வதில்லை. அதிலிருந்து வெளியேறும்போதுதான் நோய் தாக்குகிறது. மீண்டும் அழுத்தத்துக்குள் அனுப்பினால் வலி தணிகிறது. மருந்து இன்னதென்று அப்போதே தெரிந்துவிட்டது. அது கட்டுமானக் களத்தை எட்ட ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியே இக்கட்டுரையின் அக்கறை.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மிசிசிப்பி ஆற்றின் மீது ஈட்ஸ் பாலம் எழுந்தபோது பன்னிரண்டுக்கும் மேற்பட்ட கெய்சன் தொழிலாளர்கள் மாண்டனர். அங்கு மருத்துவராக இருந்த அல்போன்ஸ் ஜாமினே, 1870-இல் சுமார் 95 அடி ஆழத்தில் இரண்டே முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு, மூன்றரை நிமிடத்தில் அழுத்தம் நீங்கி வெளிவந்தார். சற்று நேரத்தில் கைகால் முடங்கிப் படுத்தார். பிழைத்தெழுந்த பின் பணிமுறை நேரத்தைக் குறைக்கச் செய்தார். தொழிலாளர்களோ துத்தநாகமும் வெள்ளியும் கோத்த பட்டைகளை உடலில் கட்டிக்கொண்டு இறங்கினர். அறிவியல் தர வேண்டிய காப்பு கிடைக்காத இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது அதுதான்.

நியூயார்க்கின் புரூக்ளின் பாலப் பணியில் மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித் 110 நோயாளிகளைக் கண்டார். மறு அழுத்தம் தருவதற்கான இரும்பு அறையைத் தம் அறிக்கையில் விவரித்தும் அங்கே அது அமைக்கப்படவில்லை. தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872-இல் நோயில் வீழ்ந்தார். 1878-இல் பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர் நோயின் மூலத்தை விளக்கினார்: அழுத்தத்தில் குருதியிலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் திடீரென விழும்போது, திறந்த சோடா புட்டியைப் போலக் குமிழியிடுகிறது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் தாமதம்? மெதுவாக வெளியேற்றுவது என்றால் மண் வெட்டாத நேரத்துக்கும் கூலி. குளிர்ந்த ஈர அறையில் களைத்துக் காத்திருக்கத் தொழிலாளர்களுக்கும் மனமில்லை. அறிவு போதாமையைவிட இந்த நேரக் கணக்கே உயிர்களை அதிகம் வாங்கியது என்பது என் கணிப்பு.

கணக்கை மாற்றியவர் பொறியாளர் எர்னஸ்ட் மோயர். 1889-க்குப் பின் ஹட்சன் ஆற்றுச் சுரங்கப் பணிக்கு வந்த அவர், 45–50 பேரில் மாதம் ஒருவர் வீதம் இறந்துவந்ததை அறிந்தார். ஆண்டுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து. கொதிகலன் போன்ற இரும்பு உருளையொன்றைக் களத்திலேயே நிறுவி, நோயுற்றவரை உள்ளே கிடத்தி, வேலைத்தல அழுத்தத்தில் பாதிக்கு மேல் ஏற்றிப் பின் மெல்ல இறக்கினார். அடுத்த பதினைந்து மாதங்களில் 120 பேரில் இருவரே இறந்தனர். அரிய பொருள் எதுவும் அந்த உருளைக்குத் தேவைப்படவில்லை. ஸ்மித் எழுதிய காலத்திலேயே எந்தக் கொதிகலன் பட்டறையும் அதைச் செய்து தந்திருக்கும்.

சிகிச்சைக்கு வழி பிறந்தது. தடுப்புக்கு வழி 1908-இல் வந்தது. பிரிட்டிஷ் கடற்படை மூழ்குநர்களுக்காக ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்த ஹால்டேன், பாய்காட், டாமண்ட் மூவரும் படிப்படியாக அழுத்தம் குறைக்கும் அட்டவணைகளை வகுத்தனர். ஆயினும் ஹாம்பர்க்கில் எல்பே ஆற்றுச் சுரங்கத் தொழிலாளர்களை ஆராய்ந்த போர்ன்ஸ்டைனும் பிளாட்டேயும் 1911-இல் வேறொரு கேட்டை வெளிப்படுத்தினர்: மூட்டருகே எலும்பு செத்துப்போகிறது. வலி தணிந்து வேலைக்குத் திரும்பியவருக்கும் இது பின்னாளில் தலைகாட்டலாம். பிரிட்டனில் 1966-இல் பிளாக்பூல் சுரங்கப் பணியில் புதிய, நீண்ட அட்டவணை நடைமுறைக்கு வந்ததற்கு இந்த எலும்புச் சேதமே தூண்டுதல்.

ஆளையே அழுத்தத்திலிருந்து விலக்கிய நுட்பமும் அதே காலத்தில் பிறந்தது. பொறியாளர் ஜான் பார்ட்லெட் 1964-இல் காப்புரிமை பெற்ற பென்டோனைட் கேடய முறையில், வெட்டுமுகப்பை மட்டும் அழுத்தமூட்டிய சேற்றுக்குழம்பு தாங்குகிறது. ஆட்கள் பின்னால் இயல்பான காற்றில் நிற்கின்றனர். சென்னை மெட்ரோ சுரங்கங்களைத் தோண்டியவை இவ்வகை மூடுமுகப்பு இயந்திரங்களே. ஆனால் வெட்டும் உருளைகள் தேய்ந்தால், நிலத்தடி நீர் மிகுந்த மண்ணில் அவற்றை மாற்ற ஆள்தான் அழுத்தத்துக்குள் போக வேண்டும். அப்படிப் போனவர் வெளியேறும்போது முகமூடி வழியே ஆக்சிஜன் சுவாசிப்பதைப் பிரிட்டன் 2001-இல் கட்டாயமாக்கியது. கரைந்த நைட்ரஜன் அதனால் விரைவாக வெளியேறுகிறது.