மதீனத்துப் பெண்கள் கேட்ட கேள்விகள்

அகிலங்களின் இறைவனாகிய அல்லாஹ்வுக்கே புகழனைத்தும்.

மகள் பருவமடையும் வயது நெருங்கும்போது நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு மௌனம் குடியேறிவிடுகிறது. நேரம் வரும்போது அவளே தெரிந்துகொள்வாள் என்று தாய் எண்ணுகிறார். அது தமக்குரிய பேச்சன்று எனத் தந்தை ஒதுங்கிக்கொள்கிறார். இம்மௌனத்திற்கு நாம் சூட்டும் பெயர் வெட்கம். வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வெட்கத்தை நமக்குக் கற்பித்த மதீனாவில் மாதவிடாய் எவ்வாறு பேசப்பட்டது என்று வரலாற்றைப் புரட்டினால், நம் மௌனத்திற்கு அங்கே சான்று கிடைப்பதில்லை.

அன்றைய மதீனாவில் வாழ்ந்த யூதர்கள், மாதவிடாய் வந்த பெண்ணுடன் சேர்ந்து உண்ணமாட்டார்கள். ஒரே வீட்டில் அவளுடன் இருக்கவும் மாட்டார்கள் என அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். இதுகுறித்துத் தோழர்கள் வினவியபோதுதான் அல்பகரா அத்தியாயத்தின் 222ஆம் வசனம் இறங்கியது. அவ்வசனம் மாதவிடாயை ஓர் உபாதை என்று குறிப்பிட்டு, தாம்பத்திய உறவை மட்டும் விலக்கியது. மற்றவை அனைத்தும் ஆகும் என நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். அதைத் தம் இல்லத்திலும் நடைமுறைப்படுத்தினார்கள். அந்நாட்களில் ஆயிஷா (ரலி) வாய்வைத்துப் பருகிய பாத்திரத்தில், அதே இடத்தில் வாய்வைத்து நபியவர்கள் பருகியிருக்கிறார்கள். பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது தலையை அறைப்பக்கம் நீட்ட, ஆயிஷா (ரலி) அதே நிலையில் தலைவாரி விட்டிருக்கிறார்கள். தட்டையும் பாயையும் தனியே ஒதுக்கும் வழக்கத்திற்கு நம் மார்க்கத்தில் இடமில்லை என்பதற்கு இவையே போதும்.

முதல் மாதவிடாயைப் பற்றியே ஓர் அறிவிப்பு அபூதாவூதில் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ்கலை அறிஞர்கள் கூறியுள்ளதால், அதிலிருந்து நாம் சட்டம் எடுக்கவில்லை. ஆயினும் ஆரம்பகால முஸ்லிம்கள் எதைத் தயக்கமின்றி அறிவித்து வந்தனர் என்பதை அது காட்டுகிறது. ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு கைபருக்குச் சென்ற பயணத்தில் கிஃபார் குலத்துப் பெண் ஒருவர் நபியவர்களின் வாகனத்தில் பின்னே அமர்ந்து சென்றார். காலையில் ஒட்டகம் படுத்து அவர் இறங்கியபோது, அமர்ந்திருந்த இடத்தில் இரத்தக்கறை இருந்தது. அதுவே அவருக்கு முதல் மாதவிடாய். வெட்கத்தால் அவர் ஒட்டகத்தோடு ஒட்டி ஒடுங்கினார். நபியவர்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு, முதலில் உன்னைச் சரிசெய்துகொள், பிறகு நீரில் உப்பிட்டுக் கறையைக் கழுவிவிட்டு வாகனத்திற்குத் திரும்பு என்று கூறினார்களாம். கடிந்துரைத்ததாகவோ முகம் சுளித்ததாகவோ அதில் இல்லை. அப்பெண் தம் வாழ்நாள் முழுதும் தூய்மைக் குளிப்பின் நீரில் உப்புச் சேர்த்துவந்தார் என்றும், தமது மய்யித்தைக் குளிப்பாட்டும் நீரிலும் உப்பிடுமாறு வஸிய்யத் செய்தார் என்றும் அவ்வறிவிப்பு முடிகிறது. முதல் நாளில் கேட்ட கனிவான சொல் ஒரு பெண்ணின் ஆயுள் முழுவதும் உடன்வரும்.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பயணத்தில், மக்காவுக்கு அருகிலுள்ள ஸரிஃப் என்னுமிடத்தில் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு மாதவிடாய் ஏற்பட்டது. ஹஜ் கைநழுவிவிடுமோ என்று அழுதார்கள். இது ஆதமுடைய பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்த ஒன்று எனத் தேற்றிய நபியவர்கள், கஅபாவைத் தவாஃப் செய்வதைத் தவிர ஹாஜிகள் செய்யும் அனைத்தையும் செய்யும்படி கூறினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. முதலில் ஆறுதல், அடுத்துச் சட்டம் என்ற இந்த வரிசையைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

இப்படித் தேற்றப்பட்டவர்களே பின்னர் சமுதாயத்தின் ஆசிரியையானார்கள். அஸ்மா என்ற பெண்மணி மாதவிடாய்க்குப் பிந்திய குளிப்பைப் பற்றி நபியவர்களிடம் நேரடியாகவே கேட்டார். இலந்தை இலை கலந்த நீரால் தூய்மை செய்து, தலைக்கு நன்றாக நீரூற்றித் தேய்த்து, இறுதியில் கஸ்தூரி தோய்த்த துணியால் சுத்தம் செய்யுமாறு நபியவர்கள் கூறினார்கள். அது எப்படி என்று அவர் மீண்டும் கேட்க, ஆயிஷா (ரலி) அவரை அருகிழுத்து விளக்கினார்கள். மார்க்கத்தை அறிய வெட்கம் தடையாக இராத அன்ஸாரிப் பெண்களைப் பாராட்டவும் செய்தார்கள். பிற்காலத்தில் பெண்கள் பஞ்சை ஒரு சிறு பெட்டியில் வைத்து அவர்களிடம் அனுப்பி, தூய்மை வந்துவிட்டதா எனக் கேட்டறிந்தனர். விடுபட்ட நோன்பைக் களா செய்கிறோம், தொழுகையை ஏன் களா செய்வதில்லை என முஆதா கேட்டதும் அவர்களிடமே. இந்தக் கேள்விகள் கேட்கப்படாதிருந்தால் இன்று நம் ஃபிக்ஹு நூல்களில் மாதவிடாய்ப் பாடத்தின் பல பக்கங்கள் வெறுமையாக இருந்திருக்கும்.

பெருநாளன்று இளம் பெண்களையும் மாதவிடாயில் உள்ளவர்களையும்கூடத் திடலுக்கு அழைத்துவர நபியவர்கள் ஏவியதை உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கிறார்கள். தொழுமிடத்தை விட்டு ஒதுங்கி, நன்மையிலும் துஆவிலும் அவர்களும் பங்குகொண்டனர். அந்நாட்களில் தொழுகை இல்லை; அல்லாஹ்வை நினைப்பதற்குத் தடையில்லை.

முதல் மாதவிடாயுடன் ஒரு சிறுமிக்குத் தொழுகையும் நோன்பும் கடமையாகிவிடுகின்றன. அவ்வளவு பெரிய பொறுப்பு, அச்சத்தோடும் அறியாமையோடும் அவள்மீது இறங்கலாமா? ஒன்றும் அறியாத பிள்ளை இரத்தத்தைக் கண்டு நோயென்று நடுங்குவாள். குளிப்பின் முறை தெரியாமல் தொழுவாள். விட்ட நோன்புகளை எண்ணி வைக்காமல் போவாள். ஆகவே அந்த நாள் வருமுன்பே தாய் மகளை அருகில் அமர்த்திச் சொல்லட்டும்: இது நோயன்று, தண்டனையுமன்று, துணியை அல்லது நாப்கினை இப்படிப் பயன்படுத்த வேண்டும், இரத்தம் நின்றதும் இப்படிக் குளிக்க வேண்டும், நோன்பைக் களா செய்ய வேண்டும், தொழுகைக்குக் களா இல்லை. தந்தையும் அந்நாட்களில் மகளிடம் தொழுதாயா என்று பிறர் முன்னிலையில் துருவிக் கேட்காமல், கனிவோடு நடந்துகொள்ளட்டும்.

நம் பெண்மக்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கல்வியையும் பொறுமையையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.