மிஞ்சிய ஒன்று



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் நான் பேசி முடித்ததும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, பொருளும் எதிர்ப்பொருளும் இணையாகவே பிறக்கும், சந்தித்தால் இரண்டும் அழியும் என்றீர்கள். அப்படியானால் நாம் எப்படி இங்கே இருக்கின்றோம்?" என்று கேட்டாள். வரவும் செலவும் சரியானால் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை அன்றோ! அந்தக் கேள்வியின் வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

எதிர்ப்பொருள் முதலில் தோன்றியது ஆய்வுக்கூடத்தில் அன்று, கணக்கில். 1928-இல் டிராக் என்னும் ஆங்கிலேய அறிஞர் எலெக்ட்ரானுக்கு ஒரு சமன்பாடு வகுத்தார். அது வேண்டாத விடை ஒன்றையும் உடன் தந்தது. அவர் அதைத் தள்ளிவிடவில்லை. எலெக்ட்ரானின் எடையே உடைய, ஆனால் நேர்மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று இருத்தல் வேண்டும் என்று 1931-இல் கூறினார். மறு ஆண்டே அமெரிக்காவில் கார்ல் ஆண்டர்சன் காஸ்மிக் கதிர்களைப் படம் பிடித்தபோது அத்துகளின் தடத்தைக் கண்டார். அதுவே பாசிட்ரான். 1955-இல் பெர்க்கிலி நகரில் எதிர்ப்புரோட்டானும் அகப்பட்டது.

விண்மீன்களுள் சில எதிர்ப்பொருளால் ஆனவையாக இருக்கலாம் என்று டிராக் 1933-இல் தம் நோபல் உரையில் கருதினார். ஆனால் அத்தகைய பகுதிகள் இருப்பின், அவை நம் பொருளைத் தொடும் எல்லைகளில் காமாக் கதிர்கள் பெருகி எழ வேண்டும். அவ்வாறு எழக் காணோம். ஆகவே அண்டத்தின் தொடக்கத்தில், நூறு கோடி எதிர்த்துகள்களுக்கு ஏறத்தாழ நூறு கோடியே ஒரு துகள் என்னும் கணக்கில் பொருள் மிகுந்திருந்தது என்று அறிஞர் கொள்கின்றனர். இணைகள் யாவும் ஒளியாய் மறைந்தன. மிஞ்சிய அந்த ஒன்றே விண்மீன்களும் நாமும் ஆயிற்று.

அந்த ஒன்று மிஞ்சியது ஏன்? துகளை எதிர்த்துகளாகவும் இடத்தை வலமாகவும் ஒருங்கே மாற்றினால் இயற்கை விதிகள் மாறா என்று இயற்பியலார் நம்பியிருந்தனர். 1964-இல் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் குரோனினும் ஃபிட்சும் அதைச் சோதித்தனர். நெடுநேரம் வாழும் நடுநிலைக் கேயான், அவ்விதிப்படி இரண்டு பையான்களாகச் சிதைதல் கூடாது. எனினும் ஆயிரத்துக்கு இரண்டு வீதம் அவ்வாறே சிதைந்தது! அழகிய நம்பிக்கை ஒன்று அன்று உடைந்தது. ஆனால் அந்த உடைவின் வழியே நம் பிறப்பின் காரணம் சற்றே தெரிந்தது. 1967-இல் சோவியத் அறிஞர் சகாரவ், பொருள் மிகுவதற்கு இன்றியமையாத மூன்று நிபந்தனைகளை வகுத்தார். இவ்விதி மீறலும் அவற்றுள் ஒன்று.

புரோட்டானின் இனத்தைச் சேர்ந்த துகள்களிலும் இம்மீறல் உண்டு என்று 2025-இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தார் அறிவித்தனர். ஆயினும் நாம் அறிந்த மீறல்கள் அனைத்தையும் கூட்டினாலும், அண்டத்தில் உள்ள பொருளின் அளவை விளக்கப் போதவில்லை.

அம்மாணவிக்கு அன்று நான் அளித்த விடையும் இதுவே: "கணக்கு இன்னும் முடியவில்லை, அம்மா." வேண்டாத விடையை டிராக் தள்ளவில்லை, ஆயிரத்துக்கு இரண்டைப் பிழை என்று குரோனினும் ஃபிட்சும் ஒதுக்கவில்லை. எஞ்சிய கணக்கை முடிக்கப் போகும் மாணவர்களுக்கும் அந்த நேர்மையே துணை.